நாலாம் சிலிண்டரில் அணைத் தண்ணீர்

பட்டறையில் இப்போது எஞ்சின் வேலை பார்க்கிற இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் இப்போது கொஞ்சம் எண்ணெயைப் புட்டியில் அடைத்து பெங்களூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் போனில் முடிவு வருகிறது. தண்ணீர் இருக்கிறது என்று வருகிறது. எந்த வழியாக உள்ளே போனது என்று வருவதில்லை. நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தொழிலாளர் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

நான் கண்டுபிடித்தவை நிறைய. அதை எழுதினால் பெருமையாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்காமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். அதுதான் உபயோகம்.

ஏழாவதோடு படிப்பு நின்றது. சங்ககிரியில் லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் டீசலில் சாமான் கழுவினேன். பிறகு ஸ்பேனர் பிடித்தேன். பதினாலு வருடம் லாரி எஞ்சின் தவிர வேறு பார்த்ததில்லை. பிறகு ஓசூர் வந்தேன். தொழிற்பேட்டையில் எஞ்சின் பிரித்துப் புதுப்பிக்கிற பட்டறை. மத்திகிரியில் வாடகை வீடு. லாரி எஞ்சின், ஜெனரேட்டர் எஞ்சின், கிரானைட் குவாரி கம்ப்ரசர் எஞ்சின் எல்லாம் வரும். எஞ்சின் கோப்பதில் நான்தான் மூத்த ஆள். மேஸ்திரி என்பார்கள்.

எனக்கு மேலே நஞ்சப்பா. அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். டிப்ளமோ படித்தவர். என்னை நீங்க, மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். நான் சார் என்பேன். சத்தம் போட மாட்டார். அது நல்ல குணம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கூட வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும், சத்தம் போடுகிற மேலாளே மேல். இவர் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்டது. வலது பக்கம் சொன்னது. எஞ்சினைப் பற்றி நாம் வாய் திறந்தால் பேனாவை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு கேட்பார்.

"நோடிதிரா மேஸ்திரி? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

பார்த்தேன் என்றால் இடது பக்கம் எழுதுவார். பிறர் சொன்னார்கள் என்றால் வலது பக்கம். நினைத்தேன் என்றால் எழுதவே மாட்டார். பேனாவை மூடிவிடுவார். கன்னடத்தில்தான் எழுதுவார். எனக்கு அந்த எழுத்து தெரியாது.

ஹைவேயை நாலு வழியாக்க வெட்டிப் போட்டிருந்த காலம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு அணை. அங்கே ஒருவர் குத்தகைக்கு எடுத்து மோட்டார் படகு விட்டுக்கொண்டிருந்தார். முப்பது பேர் உட்காரலாம். படகின் வயிற்றுக்குள் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று எங்களிடம் வந்தது. நாங்கள் பார்த்த முதல் படகு எஞ்சின் அதுதான்.

பிரித்தால் லாரி எஞ்சினேதான். ஒரே வித்தியாசம், ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினுக்குள் சுற்றுகிற பச்சைத் தண்ணீர் ஒரு சின்ன டேங்கில் இருக்கிறது. அதைக் குளிர வைக்க ஒரு பம்பு அணைத் தண்ணீரை இழுக்கிறது. இரண்டும் கலப்பதில்லை, தனித்தனிக் குழாய். வேலை முடிந்த அணைத் தண்ணீரைப் புகைக் குழாயில் விட்டுவிடுகிறார்கள். புகையும் தண்ணீரும் ஒரு இரும்பு டிரம்முக்கு இறங்கி, அங்கிருந்து படகின் பின்னால் வெளியே போகிறது. சைலன்சர் சுடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பட்டறையில் டெஸ்ட் பெட் என்கிற சோதனை மேடையில் ஓட்டும்போது அந்த டிரம்மை நாங்கள் மாட்டவில்லை. லாரி சைலன்சரை மாட்டினோம். பெரிதாக நினைக்கவில்லை.

புது பேரிங், சிலிண்டருக்குள் போடுகிற லைனர், பிஸ்டன் எல்லாம் நானே போட்டேன். படகில் ஏற்றி ஒப்படைக்கவும் நானே போனேன். படகு ஓட்டுகிறவர் மாதப்பன். கெலமங்கலத்துக்காரர், பெண் எடுத்தது அணைக்கரை ஊரில். இருபது வருடம் லாரி ஓட்டியவர். முதுகு போய் லாரியை விட்டவர். மாமனார் ஊரில் சும்மா உட்கார்ந்திருப்பது ஆணுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இந்தப் படகு கிடைத்த பிறகுதான் அந்த வீட்டில் தட்டில் சோறு சூடாக விழுகிறதாம்.

லாரிக்காரர் என்றதும் எனக்கு ஒட்டிக்கொண்டது. சங்ககிரியில் புது எஞ்சின் ஒப்படைக்கும்போது என்ன சொல்வோமோ அதையே அவரிடம் சொன்னேன்.

காலையில் எடுத்ததும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். எஞ்சினை நிறுத்துகிற ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். பத்து எண்ணும் வரை. மூன்று தடவை. டீசல் போகாது, எஞ்சின் பிடிக்காது, வெறுமனே சுற்றும். எண்ணெய் மேலே ஏறி பேரிங் நனையும். பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொன்னேன். புது எஞ்சின் கொஞ்சம் தட்டும். செட் ஆகும் வரை பயப்படாதீர்கள். அதற்காக போன் பண்ண வேண்டாம்.

இரண்டும் லாரிக்குத் தப்பில்லை.

இருபது நாளில் குத்தகைக்காரரிடமிருந்து போன் வந்தது. எண்ணெய் டீ மாதிரி ஆகிவிட்டது என்றார்.

லாரி ஆளுக்கு எண்ணெயில் தண்ணீர் என்றால் மூன்று இடம்தான். சிலிண்டரை மூடுகிற ஹெட்டின் கேஸ்கட், ஹெட்டில் விரிசல், லைனருக்கு அடியில் போடுகிற ரப்பர் ரிங். ரிங்கை மாட்டும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் தண்ணீர் கீழே இறங்கும். லைனருக்கு இரண்டாக எட்டு ரிங்கும் என் கையால் மாட்டியவை. அதில் ஒன்றைப் போடும்போது டீ வந்தது, எழுந்து போனேன் என்ற ஞாபகம். அன்றிரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். எண்ணெய் பால் விட்ட டீயேதான். அளவுக் குச்சியில் மட்டம் இரண்டு விரல் ஏறியிருந்தது. இந்த இடத்தில் நஞ்சப்பாவின் முறை ஒன்று உண்டு. எஞ்சினை ஒரு ராத்திரி அசையாமல் விடவேண்டும். தண்ணீர் கனம், அடியில் இறங்கிவிடும். காலையில் அடி போல்ட்டைக் கழற்றக் கூடாது, கால் சுற்று மட்டும் இளக்க வேண்டும். முதலில் கசிகிறதைக் கண்ணாடி டம்ளரில் பிடிக்க வேண்டும். அது என்ன தண்ணீர் என்று பார்க்க வேண்டும். பச்சையாக இருக்கிறதா, வாசனை என்ன என்று. பிறகு இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். சடசட என்று வெடித்தால் இன்னும் தண்ணீர் கரைந்திருக்கிறது. இதை எல்லாம் அவர் சொல்லி நானே எத்தனையோ எஞ்சினுக்குச் செய்திருக்கிறேன்.

அன்று செய்யவில்லை. போல்ட்டை முழுக்கக் கழற்றி வாளியில் கொட்டினேன். எல்லாம் கலந்து ஒரே சேறு. என் ரிங்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் படகில் ஏறியிருந்தேன். தப்பைச் சீக்கிரம் மூட வேண்டும், அதுதான் அவசரம்.

பட்டறைக்கு எஞ்சின் வந்தது. நஞ்சப்பா நோட்டோடு வந்தார்.

"கீழ முதல்ல என்ன வந்துச்சு மேஸ்திரி? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார். பச்சைத் தண்ணி."

இடது பக்கம் எழுதினார். கண்டது என்று.

பிரித்தேன். எட்டு ரிங்கும் நன்றாக இருந்தன. ஒன்றிலும் வெட்டு இல்லை, முறுக்கு இல்லை. கேஸ்கட்டில் கசிந்த தடம் இல்லை. ஹெட்டைத் தண்ணீரில் முக்கிக் காற்று அடித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழ் வரவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் அதிகமானது. பச்சைத் தண்ணீர் என்று சொல்லியாகிவிட்டது. பச்சைத் தண்ணீர் போக வழியில்லை.

எல்லா ரிங்கையும் கேஸ்கட்டையும் மாற்றினேன். டெஸ்ட் பெட்டில் இரண்டு நாள் ஓட்டினோம். எண்ணெய் கருப்பு. தகட்டில் விட்டால் சத்தம் இல்லை, புகை மட்டும். நஞ்சப்பா நோட்டை மூடவில்லை.

மறுபடி படகில் ஏற்றினேன். மாதப்பனிடம் மறுபடி அதையே சொன்னேன். பத்து எண்ணிக்கை, மூன்று தடவை. சிரித்தார்.

"மனப்பாடம் மேஸ்திரி. என் பொண்டாட்டி பேரு மறந்தாலும் இது மறக்காது."

பன்னிரண்டாம் நாள் மறுபடி போன். மறுபடி டீ.

இந்தத் தடவை நஞ்சப்பா வேனை எடுத்தார். நான் வருகிறேன், எண்ணெயை யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அணையில் இருந்தோம். குத்தகைக்காரர் கரையில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டு நடை ஏற்றவேண்டும், வாக்கு கொடுத்துவிட்டேன் என்றார். ஒன்று உங்கள் வேலை சரியில்லை, இல்லை இவன் கை சரியில்லை, இன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டும் என்று மாதப்பனைக் காட்டினார். மாதப்பன் படகில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நஞ்சப்பா படுத்துக்கொண்டு போல்ட்டைக் கால் சுற்று இளக்கினார். டம்ளரைப் பிடித்தார். முதலில் கசிந்தது தண்ணீர். அரை டம்ளர் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் கண் அந்த டம்ளரைவிட்டு நகரவில்லை.

பச்சை இல்லை. கொஞ்சம் கலங்கல். ஒரு பாசி நூல் மிதந்தது.

முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். மீன் வாடை.

"இது டேங்க் தண்ணி இல்ல மேஸ்திரி. அணைத் தண்ணி."

நோட்டை எடுத்தார். பழைய பக்கத்தைத் திருப்பினார். இடது பக்கம் என் வாக்கு இருந்த இடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அடித்துவிட்டுக் கீழே எழுதினார். அன்று என்னைத் திட்டியிருந்தால் பட்ட பாடு பாதியாகியிருக்கும்.

எண்ணெயை மாற்றினோம். படகின் அடித்தளம் உலர்ந்திருந்தது. அங்கிருந்து எஞ்சினுக்குள் ஏற வழியில்லை. நஞ்சப்பா மாதப்பனைக் கூப்பிட்டார். தினம் காலையில் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள், வாயால் சொல்ல வேண்டாம், கையால் செய்யுங்கள் என்றார்.

மாதப்பன் செருப்பைக் கழற்றினார். மூடியைத் தூக்கினார். எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தார். டேங்கைத் திறந்து பச்சைத் தண்ணீர் மட்டம் பார்த்தார். அணைத் தண்ணீர் வால்வைத் திறந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து செல்ப் அடித்தார். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார். பத்து. விட்டார். மறுபடி பத்து. மறுபடி பத்து.

நஞ்சப்பா பின்னால் போய்க் குனிந்து புகைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கையைத் தூக்கினார்.

"போதும். ஸ்டார்ட் பண்ண வேணாம்." பிறகு என்னைப் பார்த்து, "செல்ப் சுத்தும்போது பம்பும் சுத்துது. தண்ணி இழுக்குது. வெளிய ஒரு சொட்டு வரல. எங்க போச்சு மேஸ்திரி?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. எஞ்சின் பிடித்து ஓடினால் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். வெறுமனே சுற்றினால் புகை இல்லை. தண்ணீர் டிரம்மில் நிறையும். நிறைந்தால் வந்த வழியே மேலே ஏறும். திறந்திருக்கிற புகை வால்வு வழியாக சிலிண்டருக்குள் போகும். அங்கிருந்து பிஸ்டன் ஓரமாக எண்ணெயில் இறங்கும். தினம் கொஞ்சம். டெஸ்ட் பெட்டில் வராததும் அதனால்தான். அங்கே டிரம்மும் இல்லை, இந்தப் பத்து எண்ணிக்கையும் இல்லை.

டீசல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நாலையும் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. செல்ப் அடித்தபோது நாலாம் சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் சட்டையில் அடித்தது.

"சிலிண்டர்ல தண்ணி நிறைஞ்சிருக்கும்போது ஸ்டார்ட் ஆனா பிஸ்டன் மேல ஏற முடியாது. அதத் தாங்குற ராடு வளைஞ்சிரும்," என்றார் நஞ்சப்பா. மாதப்பனிடம் திரும்பினார். "எப்பவாவது சுத்தாம கக்குன்னு நின்னுச்சா?"

"இல்ல சார்."

"இந்தப் பத்து எண்ணுற பழக்கம் யார் சொல்லிக் குடுத்தது?"

மாதப்பன் என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார்.

"யாரும் சொல்லல சார். லாரி ஓட்டுன காலத்துல இருந்து பழக்கம்."

நான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

குத்தகைக்காரர் கையை நீட்டினார். மாதப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். லாரி ஓட்டுற புத்தியை லாரியிலேயே விட்டுட்டு வந்திருக்கணும் என்றார் குத்தகைக்காரர். ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் மைத்துனன் மகன் ஓட்டுவான், டிராக்டர் ஓட்டுகிறவன்தான் என்றார். நஞ்சப்பா அவரிடம் முறையைச் சொன்னார். வெறும் செல்ப் அடிக்கக் கூடாது. அடித்தே ஆகவேண்டும் என்றால் அணைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடிக்க வேண்டும். எஞ்சின் பிடித்த பிறகுதான் திறக்க வேண்டும். இன்ஜெக்டர்களை மாட்டியதும் அப்படி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஓடியது. பின்னால் புகையும் தண்ணீரும் சீராக வந்தன. வேலை முடிந்தது.

வேனில் பின் சீட்டில் டூல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நஞ்சப்பா ஓட்டினார். குருபரப்பள்ளி தாண்டியது.

முதலில் எனக்கு ஓடியது என் வேலைதான். ஒரு பொய் பிடிபட்டுவிட்டது. இரண்டாவதும் தெரிந்தால் என்ன செய்வார் என்று. பிறகு மாதப்பன் வீட்டு சோற்றுத் தட்டு ஞாபகம் வந்தது. சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மீன் வாடை போகவில்லை. நாலாம் சிலிண்டரில் அவ்வளவு தண்ணீர். முப்பது நாளுக்கு மேல் தினம் இப்படி. ஒரு நாள்கூடவா முட்டி நிற்கவில்லை? இல்லை என்றார் மாதப்பன். குத்தகைக்காரர் பக்கத்தில் நின்றார், அதனால் இல்லை என்றார். எஞ்சின் முட்டி நின்றிருந்தால் ராடு வளைந்திருக்கும். வளைந்திருந்தால் தட்டும். தட்டியிருந்தால் அவர் ஏன் போன் பண்ணவில்லை?

நான்தான் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

வளைந்த ராடு கொஞ்ச நாள் ஓடும். பிறகு ஒரு நாள் உடைந்து எஞ்சின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். லாரியில் பார்த்திருக்கிறேன். கை அகலத்துக்கு ஓட்டை. அதுவாவது ரோட்டில். படகில் எஞ்சினுக்கு மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டில் பிள்ளைகள்.

சூளகிரி ஏற்றத்தில் சொன்னேன்.

"சார். அந்தப் பழக்கத்தச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

வேனின் வேகம் குறையவில்லை.

"கொத்து," என்றார். தெரியும் என்று அர்த்தம். "யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டப்ப அவர் உங்களத்தான் பாத்தார்."

ஒரு கையால் நோட்டைப் பின்னால் நீட்டினார். அன்றைய பக்கம். இடது பக்கம் முழுக்க எழுதியிருந்தது. வலது பக்கம், சொன்னது என்ற இடம், காலி. கன்னட எழுத்து எனக்குத் தெரியாது. காலி இடம் எந்த பாஷையிலும் காலிதான்.

"தட்டுனா பயப்பட வேணாம், போன் பண்ண வேணாம்னும் சொல்லியிருக்கேன் சார்."

இதற்குத்தான் அவர் பிரேக்கை மிதித்தார். இது அவருக்குத் தெரியாதது.

திரும்ப இடமில்லை. நடுவில் மண் மேடு, ஒரு பக்கம் தோண்டிய பள்ளம். ஓசூர்ப் பக்கமாகவே நெடுந்தூரம் போய்த்தான் ஒரு திறப்பு வந்தது. அந்தத் தூரம் முழுக்க அவர் விரல் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அது ராடு தட்டுகிற மாதிரியே கேட்டது. மைத்துனன் மகன் பழகிப்பார்க்கிறேன் என்று இன்றைக்கே எடுத்துவிட்டால் என்று ஒன்று புதிதாகத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்திருப்பார். வேன் முன்னைவிட வேகமாகப் போனது.

அணைக்கு வரும்போது மணி மூன்று. படகு கரையில் கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மாதப்பன் டிக்கெட் கொடுக்கிற கூரைக்கடியில் தன் துண்டையும் டிபன் டப்பாவையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் நாற்காலியில் இருந்தார். என்ன மறந்துவிட்டீர்கள் என்று கேட்டார்.

நான் அவர் முன்னால் நின்று சொன்னேன். அதிகம் சொல்லவில்லை. பத்து எண்ணச் சொன்னது நான். மூன்று தடவை என்று சொன்னது நான். இரண்டாம் முறையும் வந்து சொன்னது நான். அவர் சொன்னபடி செய்தார்.

குத்தகைக்காரர் நஞ்சப்பாவைப் பார்த்தார். நஞ்சப்பா நோட்டைத் திறந்து வலது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

மாதப்பனிடம் திரும்பினேன். "மாதப்பா, இப்ப சொல்லு. கக்குன்னு நின்னுச்சா?"

பையை மூடினார்.

"போன வாரம் ஒரு நாள். ஸ்டார்ட் பண்ணப்ப எவனோ கையால புடிச்ச மாதிரி நின்னுச்சு. மறுபடி அடிச்சேன், புடிச்சுக்கிச்சு. அன்னையில இருந்து உள்ள ஒரு தட்டல். நீங்கதான் சொன்னீங்களே, தட்டும், பயப்படாதன்னு. நான் பயப்படல மேஸ்திரி."

நஞ்சப்பா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் பக்கத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் நிறுத்தினார். என் கையில் கொடுத்தார். கேட்டேன். மெல்லிய சத்தம். கதவுக்கு வெளியே யாரோ விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி. காலையில் அதே எஞ்சின் ஓடியபோது நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று புகையையும் தண்ணீரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு நஞ்சப்பா சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். குத்தகைக்காரர் கத்தினார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்வேன் என்றார். நஞ்சப்பா குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள் என்றார். அப்படியே நடந்ததாம். பிள்ளைகள் கரையில் எலுமிச்சை சோறு சாப்பிட்டுவிட்டுப் போனதாக மாதப்பன் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை எஞ்சின் ஓசூர் வந்தது. ஹெட்டைத் தூக்கினோம். நாலு பிஸ்டனையும் மேலே கொண்டுவந்து அளந்தார். மூன்று ஒரே மட்டம். நாலாவது ஒரு மயிரிழை கீழே. ராடைக் கழற்றிச் சமதளக் கல்லில் வைத்தார். விரலால் ஒரு முனையை அமுக்கினார். டக் என்றது. விட்டார். டக் என்றது. நல்ல ராடு அசையாது. பக்கத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, வளைவின் உள் பக்கம் ஒரு நூல் விரிசல் ஓடியிருந்தது.

எத்தனை நாள் தாங்கியிருக்கும் சார் என்று கேட்டேன்.

"பாத்தாத்தான் சொல்ல முடியும். பாக்காம இருந்தது நல்லது," என்றார்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டு நோட்டில் வலது பக்கத்துக்கு அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதிலிருந்து எங்கள் பட்டறையில் எஞ்சின் ஒப்படைக்கிற தாளில் ஒரு வரி சேர்ந்தது. ஒப்படைத்தபோது வாயால் சொன்னது என்ன என்று. சொன்னவன் கையெழுத்து. இப்போதும் அந்த வரி இருக்கிறது. அது எதற்கு என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

எனக்குத் தண்டனை என்று ஒன்றும் எழுதவில்லை. ஆறு மாதம் எஞ்சின் ஒப்படைக்க அனுப்பவில்லை.

"நீங்க எஞ்சின் கூட பேசுங்க மேஸ்திரி. மனுஷங்க கூட கொஞ்ச நாள் பேச வேணாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சரிதான் என்று எனக்குப் பட்டது.

புது ராடு போட்டு எஞ்சின் படகேறியது. மாதப்பனுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. குத்தகைக்காரர் கொடுத்தார். நல்ல மனசில் கொடுத்தாரா, மைத்துனன் மகனுக்குப் படகு கரை சேர்க்க வரவில்லை என்று கொடுத்தாரா தெரியாது. ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று மாதப்பனிடம் கேட்டேன். ரெண்டு பேரும் வேலை இல்லாம இருக்கறதுக்கு ஒருத்தர் இருந்தா போதும்ல என்றார்.

என்னை அனுப்பக் கூடாது என்றுதான் உத்தரவு. நானாகப் போகக் கூடாது என்று இல்லை. முதல் பஸ்ஸில் மத்திகிரியிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து அணை. மாதப்பன் எஞ்சின் எடுப்பதற்குள் போய்விடுவேன். எண்ணெய்க் குச்சியை எடுத்து, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பேன். விரலில் தொட்டுத் தேய்ப்பேன். பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வருவேன். தாமதத்துக்கு நஞ்சப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாள் போனேன்.

பத்தாம் நாள் படகில் கால் வைக்கப் போனேன். மாதப்பன் ஏறவிடவில்லை. குச்சியை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அதில் குச்சியால் ஒரு கோடு இழுத்தார்.

"பாத்துக்குங்க. கருப்பு. நெனக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போங்க மேஸ்திரி."